பின்விளக்கைக் காட்டும் முன்விளக்கு

இது நடந்தது சென்ற ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை. வியாழன் என்று என் மைத்துனர் இன்னும் சாதிக்கிறார். மோட்டார் காயில் கட்டும் பாய் கடை அன்று தொழுகைக்காக மூடியிருந்ததே எனக்குச் சாட்சி.

மைத்துனர் காஞ்சிபுரம் – ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி வேறொருவருடையது. பின்விளக்கு எரியாததால் ஒரு மாலை பைக் ஒன்று பின்னால் வந்து மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் உரிமையாளர், "இன்னொரு வாட்டி லைட் இல்லாம ஓட்டுன, சாவிய வச்சிட்டுப் போயினே இரு" என்று சொல்லிவிட்டார்.

"முன்னாடி பாத்துக்கினு ஓட்டுறவன் பின்னாடி எரியுதான்னு எப்டி மாமா பாக்குறது?"

நியாயமான கேள்வி. விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே சேதி சொல்ல வைக்கலாம் என்றேன். என்னிடம் ஒரு ரீட் ஸ்விட்ச் இருந்தது: சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே ஒன்றையொன்று தொடாத இரண்டு இரும்பு நாக்குகள். பின்விளக்கு வயரின் நடுவே ஒரு கம்பியை இணைத்து, அதைக் குழாய்மேல் சுற்ற வேண்டும். மின்சாரம் ஓடினால் சுருள் காந்தமாகும், நாக்குகள் ஒட்டும், ஓட்டுநர் முன்னால் ஒரு எல்.இ.டி. எரியும். பல்பு போனால் அதுவும் அணையும்.

எனாமல் பூசிய செம்புக் கம்பிதான் இல்லை, பாய் கடையோ மூடியிருந்தது.

"இதுக்கு எதுக்குக் கடை?" என்று தறியில் இருந்த என் மனைவி, பட்டு இழைமேல் வெள்ளி சுற்றிய ஜரிகையை நீட்டினாள். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு மிஞ்சியது இல்லை என்று படித்தவன் நான், தலையாட்டினேன். இழைக்கு இழை இடைவெளி இல்லாமல் அவள் சுற்றிய அழகைப் பார்த்து மைத்துனர் கைதட்டினார்.

பேட்டரியில் கொடுத்தோம். பின்விளக்கு மங்கலாக மினுங்கியது. எல்.இ.டி. எரியவில்லை. பிறகு மெல்லிய புகை, முடி கருகும் நாற்றம்.

ஜரிகைக்கு மேலே எனாமல் ஏது? சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டதால் மின்சாரம் சுற்றி வராமல் குறுக்கே போய்விட்டது. மெல்லிய வெள்ளி சூடேறி, உள்ளிருந்த பட்டு இழை பொசுங்கிவிட்டது.

மனைவி மோந்து பார்த்தாள். "அசல் பட்டுதான். ஜரிகைக்காரர் ஏமாத்துறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன், பாவம்."

"ஊருல ஒரு இழையக் கொளுத்திப் பாப்பாங்க. நீ மொழக் கணக்குல கொளுத்துறியேக்கா!" என்றார் மைத்துனர்.

பாய் கடை திறந்ததும் செம்புக் கம்பி வந்தது. அவளே மறுபடி சுற்றினாள். எல்.இ.டி. பளிச்சென்று எரிந்தது.

சில நாள் கழித்து, மழைச் சாயங்காலம், போன்.

"மாமா, உங்க லைட்டு புட்டுக்கிச்சு! அணைஞ்சி போச்சு."

"இறங்கிப் பின்னாடி போய்ப் பாருங்க."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிரிப்பு. "பல்புதான் மாமா போயிருக்குது. மாத்துறேன். ஓனரு எதிர்ல டீ குடிச்சிக்கினு என்னையே பாக்குறாரு."

"என்ன சொல்றார்?"

"இருங்க, கேக்குறேன்..." கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. "மீதி ரெண்டு வண்டிக்கும் இது வேணுமாம். சாவி என்கிட்டயேதான் இருக்குது. உள்ள குந்திக்கினு இருக்குறவங்க கத்துறாங்க, வச்சிடுறேன் மாமா!"