பாத்ரூம் லைட்டும் வெளிவேலைப் புகாரும்

1. குட்டைக் கை

கட்டிங் டேபிளில் நின்றபடியே தூங்கியவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் திருப்பூரில் ஆர்டர் குவிந்து கிடந்தது. பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் வைத்துக் கோடு போட்டு, மெஷினை ஓட்டி மொத்தமாக வெட்டுவோம். ஒரு நாள் காலையில் மெஷின் ஓடும்போதே கண் சொக்கி, கத்தி கோட்டுக்கு உள்ளே இறங்கிவிட்டது. அந்த அடுக்கில் இருந்த டி-ஷர்ட் கை அத்தனையும் அரை இஞ்ச் குட்டை. என் விரல் தப்பியதே பெரிய விஷயம்.

முதலாளி வந்தார். அவருக்கும் என் வயதுதான். "நைட்டு எங்கீங்க மாஸ்டர் போறீங்க?" என்றார்.

"எங்கயும் போறதில்லீங்க. தூக்கம் வர்றதில்லீங்க."

"தூக்கம் வராதவருதான் டேபிள் மேல தூங்கறீங்களாக்கும்!"

அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. பகலில் ஒரு கம்பெனி, ராத்திரியில் இன்னொரு கம்பெனி என்று ரகசியமாக வெளிவேலை பார்க்கும் மாஸ்டர்கள் ஊரில் உண்டு. பிடிபட்டால் வேலை போய்விடும். என் வயதுக்கு வேறு எந்தக் கம்பெனியும் டேபிள் கொடுக்காது.

உண்மை என்னவென்றால், ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போக எழுந்துகொண்டிருந்தேன். பெண்கள் நிறைந்த ஹாலில் அதை எப்படிச் சொல்வது? நான் வீட்டு போர்வெல் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். சாயத் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு கம்பெனி டீயைச் சந்தேகப்பட்டேன். மெடிக்கல் ஷாப்பில் "தூக்கம் வரலீங்க" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கினேன். அதைப் போட்டும் எழுந்தேன். காலையில் மயக்கம் மட்டும் மிச்சம். அந்த மயக்கத்தில்தான் கத்தி வழுக்கியது.

2. தெருமுனை வண்டி

சில நாளாக ராத்திரியில் எங்கள் தெருமுனையில் கம்பெனி டிரைவர் சுப்பிரமணியின் மொபெட் நின்றது. கல்யாணமான ஆள், இந்த நேரத்தில் இங்கே யார் வீட்டுக்கு வருகிறான் என்று அவனைப் பற்றித் தப்பாக நினைத்தேன். முதலாளிதான் என்னை வேவு பார்க்க அவனை அனுப்பியிருக்கிறார் என்று, அவர் கூப்பிட்டு ரூமில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

"சொல்லு" என்றார் முதலாளி.

"மாஸ்டர் ஊட்டுக்குப் பின்னாடி லைட்டு எரியுதுங்க, அணையுதுங்க. செத்த நேரங் கழிச்சு மறுக்கா எரியுதுங்க. விடிய விடிய இதேதானுங்க. ஊட்டுலயே எதோ வேல ஓட்டறாருங்க போல."

முதலாளி என்னைப் பார்த்தார். "பின்னாடி என்னங்க இருக்குது?"

"பாத்ரூமுங்க."

அவர் சுப்பிரமணியை வெளியே அனுப்பி, கதவைத் தாழிட்டார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"போய் நின்னா உடனே வருதுங்களா?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"இல்லீங்க. நின்னுட்டே இருக்கோணும். சொட்டுச் சொட்டாத்தான் வருதுங்க. வந்து படுத்தா மறுக்கா முட்டுது."

"எனக்கும் அப்படித்தானுங்க இருந்துச்சு."

வெளிநாட்டு பையர் மீட்டிங் என்று அவர் அடிக்கடி கோயமுத்தூர் போனது நினைவுக்கு வந்தது. அது மீட்டிங்தானா, டாக்டரைப் பார்க்கவா என்று அதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கோயமுத்தூரில் அவருடைய டாக்டரிடமே என்னை அனுப்பினார். பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் பிறகு டாக்டர் சொன்னார்: "வயசானா ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கும். அது மூத்திரப் பாதையை நெருக்குது. மூத்திரப் பை முழுசா காலியாகாததால சீக்கிரமே மறுபடி நிறைஞ்சிடுது. எழுப்பறது அதுதான். நீங்க தூக்கத்துக்கு மாத்திரை போட்டா எப்படி? சில தூக்க மாத்திரை மூத்திரத்தையே அடைச்சிடும்." சுகரும் புற்றுநோயும் இல்லை என்று ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மாத்திரை எழுதினார். கமிஷனுக்காக டெஸ்ட் எடுக்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டேன். சில வாரத்தில் தூக்கம் வந்ததும் அந்தச் சந்தேகம் போனது.

3. மன்னிப்பு

என் டேபிள் என்னிடமே இருந்தது. ஆனால் ஒரு நாள் சுப்பிரமணி வந்து, "மொதலாளிக்கு நல்ல மனசுங்க மாஸ்டர். வெளிவேலைக்குப் போனீங்கன்னு தெரிஞ்சும் மன்னிச்சுட்டாரு. இனிமே போகாதீங்க" என்றான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே முதலாளியிடம் போனேன். அவர் தலை நிமிரவில்லை. "வேற என்னத்தச் சொல்றதுங்க மாஸ்டர்? நெசத்தச் சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு என்னையல்லவா கேப்பாங்க?"

என் டேபிளுக்கே திரும்பிவிட்டேன். ரிட்டையர் ஆகும்வரை அந்தக் கம்பெனியில் நான் வெளிவேலை பார்த்துப் பிடிபட்ட ஆள்தான். ஒன்றுக்குப் போவதைச் சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு கிழவர்கள் சேர்ந்து அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தோம்.

சென்ற மாதம் பல்லடம் பஸ்ஸில் சுப்பிரமணியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான்.

"என்ன சுப்பிரமணி?"

"ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க மாஸ்டர்."

நான் நம்பவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பஸ்ஸே கேட்கும்படி கேட்டேன்: "தூக்கம் வரலியா, இல்ல ஒன்னுக்கு வந்து எழுப்புதா?"