தாணுலிங்கம் ஓடாவியின் சத்தியம்

தூத்துக்குடியில் பழைய தோணி வாங்குகிறவர்கள் பேரத்தில் உட்காருவதற்கு முன்னால் தாணுலிங்கம் ஓடாவியைத்தான் தேடுவார்கள். தோணி கட்டுகிற தச்சர் அவர். எண்ணெய் பூசி மினுக்கிவிட்டால் எந்தக் கிழட்டுத் தோணியும் புதுப்பெண் மாதிரி நிற்கும். உள்ளே எந்தப் பலகை புழுத்திருக்கிறது என்று வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்? தாணுலிங்கம் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். அவர் தலையாட்டினால் வாங்கலாம். உதட்டைப் பிதுக்கினால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த உதட்டுப் பிதுக்கலை மதிக்காத ஒரே ஆள், கொழும்புக்குச் சரக்கு அனுப்பும் ராஜதுரை முதலாளி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், "அடிப்பலகை புழுத்துப்போச்சு மொதலாளி, தோணியை இறக்க வேண்டாம்" என்றார் தாணுலிங்கம்.

"ஏலே, கொட்டாப்புளி பிடிக்கவனுக்கு யாவாரம் தெரியுமாக்கும்?" என்று சிரித்தார் ராஜதுரை.

தோணி போயிற்று. அண்ணன் எவ்வளவோ தடுத்தும், ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே என்று அதில் ஏறிப் போன தம்பி சங்கரலிங்கம் திரும்பவில்லை. பிணம்கூடக் கரை சேரவில்லை. அதோடு விட்டாரா அந்தப் பாவி? ஓடாவி பலகை இடுக்கைச் சரியாக அடைக்கவில்லை, அதனால்தான் தோணி முழுகியது என்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டு வருஷம் தாணுலிங்கத்தை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் உப்பளத்தில் மூட்டை தூக்கினார். வேறு ஆளை நம்பி வாங்கிய தோணிகள் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பித்த பிறகுதான் ஊர் அவர் வாசலுக்குத் திரும்பி வந்தது.

நாற்பத்தாறில் ராஜதுரையும் வந்தார். இருந்த கடைசித் தோணியும் உடைந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் இன்னொன்று வாங்காவிட்டால் கொழும்பு வியாபாரமே கைவிட்டுப் போய்விடும். குலசேகரன்பட்டினத்தில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "அண்ணாச்சி, நீரு வந்து ஒரு பார்வை பார்க்கணும்" என்றார். ஏலே அண்ணாச்சியாகிவிட்டது!

தாணுலிங்கத்தின் மனைவி சீனித்தாய் உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள்: "ஓட்டைத் தோணியை நல்லதுன்னு சொல்லிராதேயும், ஏறுத பிள்ளைகள்லா சாவும். நல்லதா இருந்தா ஓட்டைன்னு சொல்லும். அவன் நாசமாப் போட்டும்."

அந்த எண்ணத்தோடுதான் அவரும் போனார். தட்டிப் பார்த்தார். அருமையான தோணி, ஒரு பலகையிலும் குறையில்லை. பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நிமிர்ந்தவர், ராஜதுரை தோணியைப் பார்க்காமல் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தக் கண்ணில் இருந்தது பயம். தாணுலிங்கத்துக்கு உள்ளுக்குள் இனித்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"நல்ல தோணி மொதலாளி. இருவது வருசம் ஓடும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கும்."

"நெசமாத்தானா?"

"எந்தம்பி சங்கரலிங்கம் மேல சத்தியம். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது."

அந்தப் பெயரைக் கேட்டதும் ராஜதுரையின் முகம் வெளுத்துவிட்டது. பழி தீர்க்க வந்திருக்கிறான், சரக்கோடு மூழ்கடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேகவேகமாக வண்டியில் ஏறினார்.

அதே வாரம் ஜெபசிங் என்ற வியாபாரி அந்தத் தோணியை வாங்கினார். ராஜதுரைக்கு வரவேண்டிய கொழும்புச் சரக்கெல்லாம் அதில் ஏறியது. நான்கு நடை போய் நனையாமல் திரும்பியது. ராஜதுரை சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் பூட்டு தொங்கியது.

ஒருநாள் அவர் தாணுலிங்கத்தின் பட்டறைக்கே வந்து நின்றார். "என்னைக் கெடுக்கணும்னு நெனச்சவரு, எதுக்குவே எங்கிட்ட நெசத்தைச் சொன்னீரு?"

தாணுலிங்கம் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"மோசம்னு சொல்லியிருந்தா நீரு வாங்கியிருப்பீரே, மொதலாளி."