காய்ச்சல் விட்ட வாரம்

அண்ணன் கொண்டுவந்த துணிமூட்டையை அண்ணி அவிழ்க்கவே இல்லை. நீளமான கொம்பு ஒன்றின் நுனியில் மாட்டித் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். எங்களுக்கென்று அண்ணன் வாங்கிவந்தது ஏதாவது அதற்குள் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து அண்ணனை வண்டியில் ஏற்றிவந்த மேஸ்திரி, "உண்ணி இருக்கும், பிரிக்காதீங்க" என்று சொல்லியிருந்தார். சொன்னவர் வாசற்படி ஏறவில்லை. தண்ணீர் கொடுத்தபோதும் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம் அது. விருத்தாசலத்துப் பக்கம் முந்திரித் தோப்புகளில் வேலை பார்த்துப் பழகிய ஆட்களை மைசூர்ப் பக்கத்து மலைக்காடுகளுக்கு மேஸ்திரிகள் கூட்டிப்போவார்கள். அங்கே காட்டை வெட்டிக் குழியெடுத்து முந்திரி வைக்கிற வேலை. கார்த்திகை கழிந்து, பாட்டுப் பாடிக்கொண்டு ரயிலேறிப் போன அண்ணன், கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார்.

உண்ணி ஒன்றும் எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. மாட்டின் காதுமடலில் ஆமணக்குக் கொட்டை போல உப்பித் தொங்குவதைப் பிடுங்கி நெருப்பில் போடுவது சாயங்கால வேலைகளில் ஒன்று. யாரும் அதற்குப் பயந்ததில்லை. அண்ணன் வந்த மறுநாளிலிருந்து தெருவே தன் மாடுகளைச் சந்தேகத்தோடு பார்த்தது. எங்கள் பசுவை வேலியோரம் கட்டக்கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் சத்தம் போட்டார். நானும் அண்ணியும் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்காரும் பெண்கள் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் மைசூர்ப் பக்கம் சில காலம் வேலை பார்த்தவர். அவர் கேட்ட முதல் கேள்வியே எங்களைத் திடுக்கிட வைத்தது. "நீ இருந்த காட்டுல குரங்கு ஏதாவது செத்துக் கெடந்துதா?" அண்ணன் ஆமாம் என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"குரங்கு மேல இருக்கிற உண்ணி, அது செத்ததும் கீழ எறங்கி வேற ஒடம்பு தேடும்மா. கடுகைவிடச் சின்னதா இருக்கும், கடிச்சது கூடத் தெரியாது. நம்ம ஊரு மாட்டு உண்ணி வேற, அது வேற. வூட்ல மத்தவங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க" என்று அண்ணியிடம் சொன்னார். இதற்கென்று தனியாக மருந்து எதுவும் கிடையாது என்றும் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது அண்ணியை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். வெளியே வந்த அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பாப்பா, நல்லா கஞ்சி குடுக்கச் சொன்னாரு" என்றார்.

பொம்மைக்குக் கண் எழுதிப் பழகிய கண்கள் அண்ணியுடையவை. அன்று வெயிலில் அண்ணனை உட்கார வைத்துக் காதுக்குப் பின்னால், அக்குளில், விரலிடுக்கில் என்று ஒவ்வொரு மச்சத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

சில நாட்களில் காய்ச்சல் விட்டது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பழைய சோறும் மிளகாயும் கேட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்து நான் சண்டை பிடித்தபோதுதான், அடுப்படியில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வாரம் போல நல்லா இருப்பாராம் பாப்பா. அப்புறம் சில பேருக்குத் திரும்ப வருமாம். வந்தா மூளையத் தாக்குமாம்."

அந்த வாரத்தில்தான் அண்ணன் அந்தக் குரங்கைப் பற்றிச் சொன்னார். முகம் கருத்த பெரிய குரங்கு. குட்டி ஒன்று அதன் வயிற்றிலேயே ஒட்டிச் செத்திருந்தது. கங்காணி காலால் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறான். அண்ணனுக்கு மனம் வரவில்லை. இரண்டையும் மார்போடு அணைத்துத் தூக்கிப்போய், தான் வெட்டிய குழியிலேயே வைத்து, காட்டுப்பூ பறித்துப் போட்டு மூடியிருக்கிறார். "ஆஞ்சநேயரு இல்லையா, எப்படி அப்படியே போட்டுட்டு வரது?" என்றார். தெருவிலோ, அண்ணன் குரங்கை அடித்துக் கொன்றதால் சாமி குத்தம் என்று பேச்சு. அண்ணி அதைக் கேட்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். "கொல்லலைங்க. தூக்கிப் பொதச்சாரு. அதுக்குத்தான் இது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

டாக்டர் சொன்னபடியே வந்தது. ஒரு மத்தியானம் அண்ணன் கையிலிருந்த கிண்ணம் நடுங்கிக் கஞ்சி சிந்தியது. சாயங்காலத்துக்குள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தலையைத் தொடவிடாமல் கத்தினார். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஈரத்துணியோடு குனிந்த அண்ணியைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து 'நீ' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் பேசுவது போல மரியாதையாகக் கேட்டார். அண்ணி அழவில்லை. "இங்க வேல செய்யறவங்க" என்று சொல்லி, துணியை நனைத்து நெற்றியில் போட்டார். ஒவ்வொரு நாளும் அவர் கேட்டார். ஒவ்வொரு நாளும் அண்ணி அதையே சொன்னார்.

பிறகு ஒரு விடியற்காலையில், ஜன்னலோரம் கண்ணயர்ந்திருந்த அண்ணியின் புடவையை யாரோ இழுத்தார்கள். "தண்ணி குடு. எங்கே போயிட்ட நீ?" என்றார் அண்ணன். அந்த 'நீ'யைக் கேட்டபிறகுதான் அண்ணி அழுதார். வார்டே எழுந்துகொள்ளும்படி அழுதார்.

அண்ணன் தேறப் பல மாதங்கள் பிடித்தன. கைநடுக்கம் அடுத்த பொங்கல்வரை இருந்தது. மறுபடியும் ஆள் கூட்ட வந்த மேஸ்திரியிடம், "செத்த குரங்கக் கண்டா அந்தப் பக்கமே போவாதீங்கன்னு பசங்ககிட்ட சொல்லுங்க" என்று அண்ணன் மன்றாடினார். மேஸ்திரி சரி என்றார். சொன்னாரா என்று தெரியாது. அந்த வருடமும் ரயில் நிறைய ஆட்கள் போனார்கள்.

இப்போது அந்தக் காய்ச்சல் புதிய காடுகளிலும் தலைகாட்டுவதாகப் பத்திரிகையில் படிக்கிறேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் வயதாகிவிட்டது. போன மாதம் என் பேத்திக்குச் சாதாரண ஜுரம். இறங்கியதும் சந்தோஷமாக அண்ணிக்குப் போன் செய்தேன்.

"விட்டுருச்சா?" என்றார் மெதுவாக. "இருக்கட்டும் பாப்பா. ஒரு வாரம் போவட்டும்."