பானையில் ஒட்டிய கொழுப்பு

பழங்காலப் பானையில் என்ன சமைத்தார்கள் என்று கண்டறிவதுதான் அருங்காட்சியகத்தில் என் வேலை. தன் வாழைத்தோட்டத்தில் கிடைத்த பானையின் சோதனை முடிவைக் கேட்க, கோபிசெட்டிபாளையத்து விவசாயி ஒருவர் மனைவியோடு கோவைக்கு வந்தார்.

"நெய்தானுங்களே அம்மணி? எங்க முன்னோருங்க கறியே தொட்டதில்லீங்க."

"கறிக் கொழுப்புங்க," என்றேன், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. அவர் பானையை முறைத்தார். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"ஆடா மாடான்னுதான் பிரிச்சுச் சொல்ல முடியலீங்க. வேணும்னா இன்னொருக்கா சோதிச்சுப் பார்க்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் அவசரமாக. "ஆடுன்னே வெச்சுக்கலாமுங்க."

"அப்பப் போற வழியில கறிக்கடையில நிறுத்துங்க," என்றார் மனைவி. "கல்யாணமானதுல இருந்து பொறந்த ஊட்டுலதான் திங்கறேன். முன்னோர் வழக்கத்த உட்டுப்போடலாமுங்களா?"

அவர் கார் சாவியை எடுத்தார்.