கோட்டைப்பட்டினத்துப் பெருநாள்

என் தம்பி யாரிடமும் சொல்லாமல் இலங்கைக்குத் தோணி ஏறிய வருஷம், நானும் என் அக்காள் புருஷனும் ஒரு சின்ன வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு தெற்கே போனோம். ஐம்பதுகளின் ஆரம்பம் அது. அக்கரையில் கெடுபிடி அதிகம். தம்பி ஏறிய தோணி இலங்கைக்கே போகவில்லை, பாதியில் பயந்து திரும்பி ஆட்களை இந்தப் பக்கமே எங்கோ இறக்கிவிட்டது என்று மல்லிப்பட்டினத்தில் ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டுமாவடிக்குத் தெற்கே என்றார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினத்துப் பக்கம். பஸ்ஸில் போய்த் தேடலாம் என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். ஆனால் களவாய் வருகிற தோணி ரோட்டோரத்திலா ஆளை இறக்கும்? ஒவ்வொரு துறையாக இறங்கி விசாரிப்பதென்றால் வள்ளம்தான் வழி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எதிரே வீசுகிற காலம். பாய் விரிக்க முடியாது. கரையை ஒட்டியே துடுப்பு வலித்தோம். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போனது. கட்டுமாவடி, மணமேல்குடி என்று இறங்கிய இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "எடது காது கிழிஞ்ச பையன் ஒருத்தன் இங்கிட்டு வந்தானா?" சின்ன வயசில் தூண்டில் முள் கிழித்த காது அது. யாரும் பார்க்கவில்லை.

கோட்டைப்பட்டினத்தில் கரை ஒதுங்கியபோது பகல் சாயத் தொடங்கியிருந்தது. கருவாடு காயப்போட்டிருந்த மணலில் ஒரு பெரியவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கருவாட்டு வியாபாரம் அவருடையது. நாங்கள் கேட்டதைக் கேட்டுவிட்டு, வானத்தைப் பார்த்தார்.

"காத்து ஏறுது தம்பி. இனிமே போறது சரியில்ல. வீட்டுக்கு வாங்க. பிறை தெரிஞ்சா நாளைக்கு நோன்புப் பெருநாள். இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"இருட்டுறதுக்குள்ள அடுத்த துறைக்குப் போயிரணும்" என்றேன்.

அவர் எங்கள் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்து முளையில் கட்டினார்.

அந்தியில் ஊரே கடற்கரைக்கு வந்து மேற்கே பார்த்து நின்றது. பனைகளுக்கு மேலே மேகம் திரண்டு கிடந்தது. அந்த மேகத்தை அவர்கள் எல்லோரையும்விட நான்தான் அதிகம் உற்றுப் பார்த்தேன். பிறை தெரிந்தால் மறுநாள் சாப்பாட்டோடு கிளம்பிவிடலாம். தெரியவில்லை. இன்னொரு நோன்பு என்று சிரித்தபடியே கலைந்து போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் மச்சானை எழுப்பி வள்ளத்தைத் தள்ளினேன். இரண்டு பேரும் மூச்சு முட்ட வலித்தோம். காற்று எங்களைக் கிழக்கே, ஆழத்துக்கு ஒதுக்கியது. கரையில் இருந்த தென்னைகள் சிறுத்துக்கொண்டே போயின. கடைசியில் மச்சான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "தம்பியத் தேடி வந்தோம். நம்மளத் தேட ஆள் வர்ற மாதிரி ஆயிரப் போகுது" என்றார். எப்படியோ திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். பெரியவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். துடுப்பு இரண்டையும் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"இத நான் வச்சிருக்கேன். பெருநாள் முடிஞ்சு வாங்கிக்கங்க."

அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. எச்சில்கூட விழுங்காமல் இருந்த பெரியவரின் மனைவி எங்களுக்காக அடுப்பு மூட்டிச் சோறாக்கி, ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பு காய்ச்சினார். உப்புப் பார்க்க முடியாதல்லவா, கதவுக்குப் பின்னால் நின்று, "உப்புக் காணுதான்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கொஞ்சம் குறைவுதான். சரியாக இருக்கிறது என்றோம். பட்டினியோடு இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. சாப்பிட்டதும் எழுந்து கடற்கரைக்குப் போனேன். காற்றைப் பார்த்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இப்படியே அந்தப் பகல் போனது.

"ஒங்க தம்பிய நெனச்சா தூக்கம் வராதுதான்" என்றார் அந்த அம்மா, நான் நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ திரும்பி வந்தபோது. "எம் மகன் கொழும்புல கடையில நிக்கிறான். இந்தப் பெருநாளைக்கும் வரல. எங்க இருக்கான்னு தெரியும். அதனால எனக்குத் தூக்கம் வருது."

மறுநாள் பெருநாள். தொழுகை முடிந்து சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களெல்லாம் தெருவில் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பெரியவர் புதுச் சட்டையோடு, தழுவிய ஒவ்வொருவரிடமும் வாழ்த்துச் சொன்ன கையோடு, "காது கிழிஞ்ச பையன் யாரையாவது பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்துப் பேர், இருபது பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். மீமிசல் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்திருந்த ஒருவர் நின்றார்.

"எடது காதா? எங்க மாமன் தென்னந்தோப்புல தண்ணி எறைக்கிறானே அவன்? காய்ச்சலோட வந்து விழுந்தான். இப்ப தேவல."

தோப்பு கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது என்றார். நாங்கள் துறை துறையாகப் போயிருந்தால் அதைக் கடந்தே போயிருப்போம்.

அப்போதே ஓடியிருப்பேன். பெரியவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அகலமான ஒரே தாம்பாளத்தில் நெய்ச்சோறும் கறியும். அவர், மச்சான், நான், வண்டிக்காரர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிட்டோம். அவர் பெரிய கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ருசி ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. விழுங்கினேன்.

வள்ளத்தை அங்கேயே விட்டுவிட்டு வண்டியில் போனோம். மாடு நடந்த நடை எனக்குப் பொறுக்கவில்லை. பாதி வழியில் குதித்து முன்னால் நடந்தேன்.

தம்பி தோப்பில் வாளியோடு நின்றிருந்தான். எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை.

"எதுக்கு வந்தீங்க? அடுத்த தோணிக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

பின்னால் வந்து சேர்ந்த மச்சான்தான், "வீட்டுக்கு வந்து ஆத்தாகிட்டச் சொல்லிட்டுப் போடா" என்றார். அதற்குமேல் அவன் முரண்டு பிடிக்கவில்லை.

கோட்டைப்பட்டினத்துக்கு வந்து வள்ளம் ஏறினோம். திரும்பும்போது காற்று எங்களுக்குச் சாதகம். பாய் விரித்தோம். புறப்படும் முன் பெரியவர் தம்பியை நிறுத்தி, "களவாப் போகாதே. கொழும்புல எம் மகனோட முதலாளிகிட்டச் சொல்லி மொறையாச் சீட்டு எடுத்துத் தாரேன். பொறுமையா இரு" என்றார். அவன் தலையாட்டினான். வழி நெடுக அவன் கிழக்கேயே பார்த்து உட்கார்ந்திருந்தான். குதித்துவிடுவானோ என்று நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வருஷம் தனுஷ்கோடியில் அவனை முறையாகக் கப்பல் ஏற்றிவிட்டேன். இந்தத் தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் இடம் இருந்தது. எங்கே இருப்பான் என்று இனித் தெரியும்தான். ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. கதவோரத்திலேயே நின்றுகொண்டு வந்தேன்.