பொங்கல் கறுப்பில் வந்த தாள்

செல்வலட்சுமியின் கண்ணுக்கு அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் தனி மரியாதை உண்டு. சிவகாசியில் அந்த ஆப்செட் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். அச்சாகி வரும் தாள்களை விரித்துத் தள்ளிக்கொண்டே வருவாள். கலர் விலகிய தாள், மை அப்பிய தாள், மூலை மடிந்த தாள் எல்லாம் தானாக அவள் விரலில் மாட்டும். உருவிப் பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள். இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தாளை மட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவளை மதுரைக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற வைத்தது அதுதான்.

உருவிப் போட்ட தாள் அங்கே வீணாகாது. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும், கட்டிங் மெஷினில் கொடுத்து எழுதும் தாள் அளவுக்கு வெட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு, கோயில் கமிட்டிக்கு ஒரு கட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு கட்டு. அச்சகங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு காகிதத்தைக் காசு கொடுத்து வாங்க யாருக்கு மனசு வரும்? மாதம் ஒரு தடவை ஏட்டு முனியராஜ் பைக்கில் வந்து தூக்கிக்கொண்டு போவார்.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில், இருட்டிக் கொஞ்ச நேரத்தில், பக்கத்து வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அது பல்கீஸின் வீடு. புருஷன் இறந்த பிறகு தையல் மெஷினை மிதித்தே மகன் தவுபிக்கை ஆளாக்கியவள். அவன் லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் எழுதுகிறான். வயது இருபத்துமூன்று.

வீட்டில் பெண் இருக்கிறாள், கூட நிற்க ஒரு பொம்பளை வேண்டும் என்று முனியராஜ் செல்வலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனபோது பல்கீஸ் நிலைப்படியை மறித்து நின்றிருந்தாள்.

"சார், வீட்டுக்குள்ள வாரதுக்குப் பேப்பர் ஏதும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. தள்ளும்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

இருக்கிறது என்று சொன்னார், காட்டவில்லை. அதற்குள் நான்கு பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். தவுபிக்கின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பச்சைச் சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டார்கள். உள்ளே இருபத்திரண்டு கிலோ கஞ்சா. தவுபிக்கைக் கைது செய்து ஜீப்பில் ஏற்றினார்கள். எடுத்த பொருளுக்கு எழுதிய பட்டியலில் செல்வலட்சுமி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் புருஷன் சுடலை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறான். முந்தின வருடம் அங்கே ஒருவன் கஞ்சா போதையில், மருந்து கலக்கும் அறைக்குப் பத்தடி தள்ளி நின்று தீக்குச்சி கிழித்தான். யாரோ பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டதால் சுடலை அன்று வீடு வந்து சேர்ந்தான். வந்தவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பாழாய்ப்போன சரக்கு பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை நினைத்தால் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஐப்பசியில் காலண்டர் வேலை மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது முனியராஜ் அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள், முக்கால்வாசி மடித்தபடி.

"ஏம்மா, அன்னைக்கு ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. இங்கன போடு."

அவள் கையெல்லாம் பசை. பின்னால் மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

தவுபிக்குக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. குற்றம் நிரூபணமானால் பத்து வருடத்துக்குக் குறையாது என்று வக்கீல் பல்கீஸிடம் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்த பிறகு வீடு புகுவதென்றால் உத்தரவு வேண்டும், இல்லையென்றால் கிடைத்த தகவலையும் அவசரத்தின் காரணத்தையும் முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும், அது இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்றும் சொன்னார். அவர்களிடம் அப்படி எழுதிய தாள் ஒன்று இருக்கிறதே என்று பல்கீஸ் அழுதாள். சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுதியதாகத் தேதியும் நேரமும் போட்ட நகல் வக்கீலிடம் வந்திருந்தது. அடியில் செல்வலட்சுமியின் கையெழுத்து.

"உன்கிட்ட முன்னாடியே படிச்சுக் காட்டுனாகளாமே, செல்வி?" என்று பல்கீஸ் கேட்டாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை. அதுதான் செல்வலட்சுமியைக் கொன்றது.

"காட்டலக்கா. ஐப்பசியில வந்து வாங்கிட்டுப் போனாக. என்ன ஏதுன்னு படிக்காமப் போட்டுட்டேன்."

"இதைக் கோர்ட்டுல சொல்லுவியா?"

செல்வலட்சுமி தலையாட்டினாள். அன்றிலிருந்து சாட்சி சொல்லும் நாள் வரை அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? எழுதியது ஒன்று, அவள் சொல்வது ஒன்று. உள்ளுக்குள் இன்னொரு எண்ணமும் குடைந்தது. கஞ்சா வைத்திருந்தவனை வெளியே விடவா இந்தப் பாடு?

கோர்ட்டு வராந்தாவில் முனியராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு பஸ் ஏறிரு. இல்லைன்னா பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு உன் மேலயே கேஸ் திரும்பும். உனக்கு எதுக்கு இந்த வம்பு? சரக்கு இருந்துச்சா இல்லையா, அதை நீயே பாத்தேல்ல."

பார்த்தாள்தான். கூண்டில் ஏறினாள். பின் பெஞ்சில் பல்கீஸ், முக்காட்டு நுனியை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவுபிக் போலீசுக்கு நடுவில் நின்றான், பாதி ஆளாக இளைத்திருந்தான்.

அரசு வக்கீல் அசல் தாளைக் கொடுத்தார். "இது உங்க கையெழுத்துத்தானே? சோதனைக்கு முன்னால இதைப் படிச்சுக் காட்டினாங்க, சரியா?"

தாள் கைக்கு வந்ததும் அவள் விரல் அதைத் தடவியது. பத்தொன்பது வருடப் பழக்கம், அவளைக் கேட்கவில்லை. காலண்டர் தாள். தன்னையறியாமல் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ஜனவரி மாதம் இருந்தது. பொங்கல் தேதி கறுப்பில் இருந்தது.

அந்தத் தாளை அவளுக்குத் தெரியும். மாதக் காலண்டரில் லீவு நாள் சிவப்பில் வர வேண்டும். சிவப்பு மைக்கான அச்சுத் தகட்டில் பொங்கல் தேதியை விட்டுவிட்டு, நானூறு தாள் ஓடிய பிறகுதான் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததே அவள்தான். பொங்கலுக்கே லீவு இல்லையா என்று முதலாளி ஆடித் தீர்த்துவிட்டார். நானூறையும் தன் கையால் உருவி, வெட்டக் கொடுத்து, கட்டு போட்டு முனியராஜிடம் நீட்டியவளும் அவளே.

"என்னம்மா, தாளைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"அம்மா, இவுக சொல்ற தேதியில இந்தத் தாள் அச்சாகவே இல்லம்மா."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆடிப்பெருக்குக்குப் பூஜை போட்டு, புது வருடக் காலண்டர் மாதிரிகள் உள்ள ஆல்பத்தைத் திறந்த பிறகுதான் அவர்கள் அச்சகத்தில் கடைக்காரர்களின் ஆர்டரே எடுப்பார்கள். இது ராஜபாளையத்து அரிசிக் கடை ஆர்டர், பெயர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஓட்டியது ஆவணியில். சோதனை நடந்ததோ ஆனியில்.

"கம்பெனி ஜாப் புக்கைக் கொண்டாரச் சொல்லிப் பாருங்கம்மா. எந்த வேலை என்னைக்கு ஓடுச்சுன்னு அதுல தேதி இருக்கும்."

அரசு வக்கீலின் முகம் சிவந்தது. "அப்போ கஞ்சா எடுத்ததையும் பாக்கலைன்னு சொல்லுவீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பல்கீஸ் காலத்துக்கும் அவளைக் கும்பிடுவாள். செல்வலட்சுமி பின் பெஞ்சைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாத்தேன் சார். தவுபிக் கட்டிலுக்கு அடியில இருந்துதான் எடுத்தாக."

"அப்ப இந்தக் கையெழுத்து?" என்றார் நீதிபதி.

"என்னோடதுதாம்மா. சோதனை முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு, படிக்காமப் போட்டேன். தப்புத்தான்."

அடுத்த வாய்தாவுக்கு ஜாப் புக் வந்தது. ஆவணி மாதத் தேதி, அவள் சொன்னபடியே. அந்தத் தாள் பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டது என்று தீர்ப்பு எழுதி, பதினான்கு மாதம் கழித்துத் தவுபிக்கை விடுதலை செய்தார்கள். இன்ஸ்பெக்டர் மேல் விசாரணை நடத்தச் சொல்லி அதிலேயே ஒரு வரி இருந்தது. நடந்ததா என்று யாரும் செல்வலட்சுமியிடம் வந்து சொல்லவில்லை. முனியராஜ் மட்டும் அதன் பிறகு தாள் வாங்க வரவில்லை.

விடுதலையான மறுநாள் சாயங்காலம் பல்கீஸ் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தூக்குவாளியில் பிரியாணி இருந்தது. கூண்டில் நின்ற நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. செல்வலட்சுமி பாயை எடுத்து விரித்தாள்.

"உக்காருங்கக்கா. நான் பேப்பர் விஷயத்தைத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் செஞ்சிரல."

"மூட்டையையும்தான் சொன்ன. கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்," என்றாள் பல்கீஸ். தூக்குவாளியைக் கீழே வைத்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"வக்கீலு, ஜட்ஜு, நானு, எல்லாரும் பதினாலு மாசமாப் பேப்பரைப் பத்தியே கேட்டோம். இப்ப நான் வேற கேக்கேன். இவ முன்னால வச்சே சொல்லு. அந்த மூட்டை யாருதுலே?"

தவுபிக் தப்பித்துப் போக வழி தேடுபவன்போல வாசல் பக்கம் பார்த்தான். அங்கே சுடலை, பட்டாசு ஆலையில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தவன், நகக்கண்ணெல்லாம் வெள்ளி மருந்து ஒட்டியிருக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவன் சொல்லப்போகும் பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.