பதினொரு இடைவெளிகள்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நான்கு குடமும் நிறைத்தேன். ஞாயிறு என்பதால் மதுரை செல்லூரில், எங்கள் தெருவில் தறிச் சத்தம் இல்லை. ஆறே காலுக்குக் காபி. கைபேசியையும் சின்ன ஸ்பீக்கரையும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரோடு பையில் வைத்தேன். அம்மாவுக்கு மாத்திரை, மாமாவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. ஏழு நாற்பது பஸ்ஸில் பேரையூர். அங்கிருந்து மினிபஸ்ஸில் மலையடிவாரம். பத்து ஐம்பதுக்கு இறங்கினேன்.

நாங்கள் மலையில் தேனெடுத்த பழங்குடிச் சனம். இப்போது எங்களுக்கு அடிவாரத்தில் அரசாங்கம் கட்டித் தந்த பதினெட்டு வீடுகள். நான் ஐந்து வயதில் அப்பாவை இழந்தேன். ஆறு வயதில் மதுரையில் மிஷன் பள்ளி விடுதிக்கு வந்துவிட்டேன். பிறகு இன்னொரு பள்ளியில் நூலகப் பணி. புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குவதில் இருபத்தாறு வருடம் கழிந்துவிட்டது.

அப்பா பாறையிலிருந்து விழுந்து இறந்தார். எங்கள் வழக்கப்படி, ஒருவன் தேனுக்காகப் பாறையில் தொங்கும்போது மேலே நின்று கயிறு பிடிப்பவன் அவனுடைய மனைவியின் அண்ணனோ தம்பியோதான். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று கணக்கு. அப்பாவுக்குக் கயிறு பிடித்தவர் அம்மாவின் அண்ணன். என் மாமா.

அன்று அம்மா சனத்தின் முன்னால் அவரிடம் ஒன்றுதான் கேட்டாராம். "கொரல் குடுத்தியா?" மாமா, "குடுத்தேன், காத்து தூக்கிட்டுப் போயிருச்சு" என்றாராம். அம்மா நம்பவில்லை. மூன்று வீடு தள்ளி இருந்தும், நாற்பத்து நான்கு வருடமாக அண்ணனோடு பேச்சில்லை. அந்தக் கேள்வி என் காதில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது. என்ன குரல், எதற்குக் குரல் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 'கவனமாக இருந்தாயா' என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

சென்ற செப்டம்பரில் ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. முன்பு எங்கள் மலைக்கு வந்த ஆய்வாளர் ஒருவர் சேகரித்தவற்றை அவர்கள் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். தேன்கூடை, மூங்கில் குடுவை, புகைப்படங்கள் எல்லாம் சேர்த்து நாற்பத்தோரு பொருட்கள். சனத்தில் ஒருவர் பார்த்து, விவரங்களைத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாற்பத்தோராவது, அப்பா பாறையில் பாடிய பாட்டு. அவர் இறப்பதற்கு முந்தைய வருடம் பதிவானது.

அப்பாவின் குரல் எனக்கு நினைவில் இல்லை. மதிய இடைவேளையில் நூலகக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். ஒவ்வொரு அடி முடியும்போதும் வேறொரு ஆளின் கத்தல் குறுக்கே விழுந்து அப்பாவின் கடைசிச் சொல்லை மறைத்தது. "ஓஓய்", "ஓஓய்" என்று பதினொரு முறை. எனக்கு எரிச்சலாக இருந்தது. 'வெளி இரைச்சல், நீக்கினால் நல்லது' என்று குறிப்பெழுதினேன். மூன்று வாரத்தில் சுத்தமான பதிவு வந்தது; இணையத்திலும் அதையே மாற்றி வைத்திருந்தார்கள். அப்பா மட்டும் இருந்தார். அடிக்கு அடி அமைதி. 'பாடகர் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் நிறுத்தி மூச்சு வாங்குகிறார்' என்று விவரக் கட்டத்தில் சேர்த்தேன். ஒரே பாட்டுக்கு இரண்டு பிரதி இருந்தால் குழப்பம் என்று பழையதை என் கணினியிலிருந்து அழித்தும் விட்டேன்.

ஜனவரியில் மாமாவிடம் போனில் பாட்டைப் பற்றிச் சொன்னேன். "அதுல நானும் இருப்பேனே தாயி. எல்லாம் அப்பிடியே இருக்குமா?" என்றார். மேலே நின்று கயிறு பிடித்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "மெசினு பொய் சொல்லாது மாமா" என்றேன்.

அந்தப் பாட்டைக் கேட்கத்தான் இந்த ஞாயிறு அடிவாரத்து அங்கன்வாடியில் கூடினோம். அங்கே ஆயாவாக இருக்கும் மாமா மகள் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"வா புள்ள. எங்கப்பா நாலு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சுட்டு ஒக்காந்துருக்காரு. பொண்ணு பாக்க வர்றாகளான்னு கேட்டேன், அடிக்க வாராரு."

"சும்மா கெட" என்றார் மாமா. தேய்த்த வெள்ளைச் சட்டை. நான் கொடுத்த துண்டை உடனே தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்மாளு கொரலு சீமை வரைக்கும் போயிருச்சு. நாம இன்னும் உசிலம்பட்டியத் தாண்டல" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார். வாசல் பக்கம், அண்ணனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மாமா அந்த முதுகையே பார்த்தார். அம்மா அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் நாலு மணிக்கு எழுந்து குளித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாட்டைப் போட்டேன். முதல் அடி முடிந்தது. அமைதி. மாமா தாடையைத் தூக்கிக் காத்திருந்தார். இரண்டாவது அடி. அமைதி. அவர் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார். மூன்றாவது அடி முடிந்ததும் தாங்கமாட்டாமல் தானே குரல் கொடுத்தார்.

"ஓஓய்!"

உடைந்த, கிழட்டுக் குரல். அதற்குள் அப்பா அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தார்.

நான் நீக்கச் சொன்ன அதே கத்தல். அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. பதினொரு அமைதியும் ஓடி முடிந்தன.

"இதுல நான் எங்க தாயி?" என்றார் மாமா.

பக்கத்தில் இருந்த மாமா மகள்தான் மெதுவாகச் சொன்னார். "தொங்குறவரு ஒரு அடி பாடுவாரு. மேல நிக்கிறவுக கொரல் குடுத்தாத்தான் அடுத்த எட்டு எறங்குவாரு. அது ஒனக்குத் தெரியாதா புள்ள?"

தெரியாது. அது தெரியும் வயது வருவதற்கு முன்பே நான் விடுதிக்குப் போயிருந்தேன். அப்பா மூச்சு வாங்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

அம்மா எழுந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "அம்புட்டு தடவ கேக்குறாரு. ஒத்த தடவகூடக் குடுக்கலையே."

"அம்மா, மாமா குடுத்தாரும்மா! பதினோரு தடவையும் குடுத்தாரு. எரைச்சல்னு நெனச்சு நாந்தான் வெட்டச் சொன்னேன்."

"மாமனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத."

"சத்தியமாம்மா."

"அப்ப வெட்டாததப் போடு."

கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை. அழித்த தேதிகூட எனக்கு நினைவிருந்தது. அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அது அப்பா விழுந்த நாளின் பதிவு இல்லை. அந்த நாளில் மாமா என்ன செய்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இதை எல்லோரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் மாமாவின் பக்கம் யாரும் பார்க்கவில்லை. காலையில் அவரோடு சிரித்தவர்கள்கூட.

மாமா துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"வாங்கிருவேன் மாமா. பழையத அவுககிட்ட கேட்டு வாங்கிருவேன்."

"விடு தாயி. ரெண்டு மணி மினிபஸ்ஸ விட்டா ஒனக்கு அடுத்தது அஞ்சுக்குத்தான்."

"மாமா..."

"அன்னைக்கு காத்து. இன்னைக்கு நீ" என்றார். கோபமே இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். மடித்த துண்டை உட்கார்ந்திருந்த பாயிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாத்திரையை ஜன்னல் கட்டையில் வைத்து, காலை, இரவு என்று இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன். இரண்டு மணி மினிபஸ்ஸில் ஏறினேன். ஐந்தே முக்காலுக்கு வீடு வந்து சேர்ந்தேன். நாட்குறிப்பில் பஸ் நேரங்களை மட்டும் எழுதினேன்.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை. நான்கு நாற்பதுக்கு எழுந்தேன். பல் தேய்ப்பதற்கு முன் கணினியைத் திறந்தேன். நான் நீக்கச் சொன்னது இரைச்சல் இல்லை, அது கயிறு பிடித்தவரின் குரல், பழைய பதிவு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள் என்று அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பிறகு பாட்டின் இணையப் பக்கத்தைத் திறந்து, 'மூச்சு வாங்குகிறார்' என்பதை எடுத்துவிட்டு, 'பதிலுக்குக் காத்திருக்கிறார்' என்று திருத்தினேன். குழாயில் தண்ணீர் வந்து வாளியில் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போகவில்லை. பாடியவர் என்ற கட்டத்தில், அப்பாவின் பெயருக்கு அடுத்து ஒரு காற்புள்ளி வைத்து, மாமாவின் பெயரைச் சேர்த்தேன்.